உழைச்செல்வானின் சொல்



திருக்குறளின் 95ஆம் அதிகாரம் 'மருந்து'. அதன் இறுதிக் குறளாகிய 950ஆவது குறள் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்துக் காட்டுகிறது. நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து என்னும் மூன்றும் எவரும் எளிதில் எண்ணக்கூடியவை. நான்காவதாக வள்ளுவர் வைத்தது உழைச்செல்வானை. உழை என்பது பக்கம். நோயாளியின் பக்கத்தே இருந்து, மருந்தைப் பிழையாமல் ஊட்டி, இரவும் பகலும் உடனிருந்து காப்பவன் உழைச்செல்வான். அவன் மருத்துவத்துக்குப் புறத்தே நின்று உதவுபவன் அல்லன். மருத்துவத்தின் நான்கில் ஒரு பங்கு அவனே என்பது வள்ளுவர் கணக்கு. சரகர் மரபிலும் மருத்துவத்துக்கு நான்கு கால்கள் கூறப்படுவதும், அவற்றுள் ஒரு கால் உடனிருந்து பேணுபவனாக அமைவதும் இவ்விடத்து ஒப்பு நோக்கத்தக்கன.

இக்குறளுக்கு உரை வகுத்த பரிமேலழகர், நான்கு கூறுகளையும் மேலும் நந்நான்காக விரித்தார். நோயாளிக்கு வேண்டிய இயல்புகளுள் ஒன்றாகத் தன் நோயின் நிலையை எடுத்துரைக்கும் திறனை அவர் வைத்தார். உழைச்செல்வானுக்கு வேண்டியனவாக நோயாளியிடத்து அன்பு, மனமொழிமெய்களின் தூய்மை, சொன்னதைச் சொன்னவாறு செய்யும் வன்மை ஆகியவற்றைக் கூறி, அவற்றோடு அறிவுடைமையையும் சேர்த்தார். அன்பு இருந்தால் போதும் என்று அவர் விட்டுவிடவில்லை. பக்கத்தில் இருப்பவன் அறிந்தவனாகவும் இருத்தல் வேண்டும் என்பது உரையாசிரியரின் துணிவு.

இந்த ஒரு சொல்லில்தான் இன்றைய பெருமருத்துவமனைகளின் பெருங்குறை அடங்கியிருக்கிறது. அவசர சிகிச்சைப் பிரிவின் வாயிலில் நிற்கும் தாய்க்கும் கணவனுக்கும் மகளுக்கும் அன்பு உண்டென்பதை எந்த மருத்துவரும் மறுப்பதில்லை. அவர்களுக்கு அறிவும் உண்டென்பது அங்கே மறக்கப்படுகிறது. "பதற்றப்படாதீர்கள்" என்னும் ஆறுதல் மொழி, கேட்பவருக்குப் பல வேளைகளில் "நீங்கள் சொல்வது செய்தியன்று" என்னும் பொருளையே தருகிறது. அன்பைக் காரணமாகக் காட்டி அறிவைத் தள்ளிவிடும் இந்தப் பழக்கத்துக்கு உலகம் கொடுத்த விலை பெரிது.

2021ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள், ஈஸ்டர் திருநாளுக்கு முந்தைய சனிக்கிழமை. மேற்கு ஆஸ்திரேலியாவின் தலைநகராகிய பெர்த்தில் உள்ள குழந்தைகள் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு ஐஸ்வர்யா என்னும் ஏழு வயதுச் சிறுமியைப் பெற்றோர் தூக்கி வந்தனர். இந்தியாவிலிருந்து குடியேறிய குடும்பம் அது. குழந்தைக்குக் காய்ச்சல் இருந்தது, கைகளோ சில்லிட்டிருந்தன. ஆஸ்திரேலிய மருத்துவமனைகளில் வருவோரை அவசரத்துக்கேற்ப ஐந்து நிலைகளாக வரிசைப்படுத்துவர். முதல் நிலை உடனடியாகக் காணவேண்டியது. நான்காம் நிலை ஒரு மணி நேரத்துக்குள் காணவேண்டியது. ஐஸ்வர்யாவுக்குக் கொடுக்கப்பட்டது நான்காம் நிலை. காத்திருக்கும் கூடத்தில் குடும்பம் அமர்ந்தது. குழந்தையின் கண்ணில் வெண்மை படர்வதைத் தாய் கண்டார்; எழுந்து சென்று சொன்னார். மருத்துவர் ஒருவர் வந்து கண்களை மட்டும் பார்த்துச் சென்றார். குழந்தை மேலும் தளர்ந்தாள். பெற்றோர் மீண்டும் மீண்டும் எழுந்து சென்று முறையிட்டனர். ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலாகிய பின்னரே அவளுடைய நிலையின் கடுமை உணரப்பட்டது. அன்றிரவே அவள் இறந்தாள். ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் நுண்ணுயிரின் தொற்றால் எழுந்த செப்சிஸ் அவள் உயிரைக் கொண்டது.

செப்சிஸ் என்பது தொற்றை எதிர்க்கப் புறப்பட்ட உடல் தன் உறுப்புகளையே சிதைக்கத் தொடங்கும் நிலை. குழந்தைகளின் உடல் அந்நிலையைச் சில நேரம் மறைத்துவிடும் ஆற்றல் உடையது. இதயம் விரைந்து துடிக்கும். கை கால்களின் குருதி நாளங்கள் சுருங்கி, குருதியை நெஞ்சுக்கும் மூளைக்கும் சேமித்துக் கொடுக்கும். உடல் கொதித்திருக்க உள்ளங்கை குளிர்ந்திருப்பது அதனால்தான். குருதியழுத்தம் நெடுநேரம் சரியாகவே காட்டும். பின்னர்த் திடீரெனச் சரியும். அது சரிந்த பின் மீட்பது அரிது. ஆகவே கருவி பேசுவதற்கு முன்னரே அக்குழந்தையின் கை பேசியது. அந்தக் கையைப் பற்றியிருந்தவள் தாய். அவள் சொன்னதும் அதைத்தான்.

மருத்துவமனையே நடத்திய ஆய்வு, பெற்றோரின் கவலைக்குச் செவிகொடுக்கும் வாய்ப்புகள் அடுத்தடுத்துத் தவறவிடப்பட்டன என ஒப்புக்கொண்டது. முன்னரே கண்டிருந்தால் குழந்தை பிழைத்திருப்பாள் என்று மரண விசாரணை உறுதி கூறவில்லை. பிழைக்கச் சிறு வாய்ப்பு இருந்திருக்கலாம் என்ற அளவிலேயே நின்றது. அச்சிறு வாய்ப்புக்காகவே பெற்றோர் அன்று எழுந்து எழுந்து நடந்தனர்.

இத்தகைய நிகழ்வுகளில் மருத்துவரைக் கொடியவராகச் சித்திரிப்பது எளிது. அது உண்மையும் ஆகாது. அவசரப் பிரிவில் ஓரிரவில் காய்ச்சலோடு வரும் குழந்தைகள் பலர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் மறுநாள் ஓடி விளையாடுவர். அரிதினும் அரிதாகிய ஒருவரை அத்தனை பேருக்கு இடையே கண்டெடுக்க வேண்டிய சுமை மருத்துவருடையது. அவர் காண்பது சில நிமிடங்களை. அவருடைய பணிநேரம் முடிந்தால் வேறொருவர் வருவார். அவரும் தமக்குக் கிடைத்த சில நிமிடங்களையே காண்பார். நோயின் தொடக்கம் முதல் அக்கணம் வரை முழுவதையும் கண்ட ஒரே சாட்சி உழைச்செல்வான். நேற்று எப்படி இருந்தாள், இன்று காலை எப்படி இருந்தாள், ஒரு மணி நேரத்துக்கு முன் எப்படி இருந்தாள் என்னும் ஒப்பீடு அவனிடம் மட்டுமே உண்டு. அவ்வொப்பீட்டைக் கேளாத மருத்துவர், கதையின் நடுவிலே ஒரு பக்கத்தைப் புரட்டி முடிவு சொல்பவரை ஒப்பர்.

மருத்துவர் கேட்கும் பழக்கம் எத்துணைக் குறுகியது என்பதற்கு அமெரிக்காவில் 1984இல் வெளிவந்த பெக்மன், ஃபிராங்கெல் ஆகியோரின் ஆய்வு நல்ல சான்று. பொதுமருத்துவர்களிடம் நோயாளிகள் தம் குறையைச் சொல்லத் தொடங்கிய 74 சந்திப்புகளை அவர்கள் ஆராய்ந்தனர். சராசரியாக 18 நொடிகளில் மருத்துவர் குறுக்கிட்டார். பரபரப்பில்லாத மருத்துவமனை அறையிலேயே நிலை இதுவாயின், அவசரப் பிரிவில் எத்தனை நொடி கிடைக்கும் என்பதை உய்த்துணரலாம்.

இனி, நோய்க்குப் பெயரே இல்லாத வேளையில் நேர்வது மற்றொரு வகைத் துன்பம். குருதிச் சோதனை சரியாக இருக்கும். படப்பிடிப்புச் சோதனையும் சரியாக இருக்கும். அப்போது மருத்துவர் கூறத்தக்க நேர்மையான விடை "ஒன்றும் தெரியவில்லை" என்பது. அவர் வாயிலிருந்து வருவதோ "ஒன்றுமில்லை" என்பது. இவ்விரு தொடர்களுக்கும் இடையே ஓர் உயிரின் தொலைவு உண்டு. முன்னது மருத்துவரின் அறிவின் எல்லையைச் சொல்கிறது. பின்னது நோயாளியின் உடலைப் பற்றித் தீர்ப்புச் சொல்கிறது. அறிவின் எல்லையை நோயின்மை எனக் கொள்வதே இப்பிழையின் வேர். 'ஒன்றுமில்லை' என்று ஆனபின் எஞ்சுவது நோயாளியின் மனம் ஒன்றே; ஆகவே மன உளைச்சல், நடிப்பு, குடி என ஏதேனும் ஒன்று நோயின் இடத்தில் வைக்கப்படுகிறது.

2009ஆம் ஆண்டு நியூயார்க்கில் நடந்தது இதற்குத் தக்க சான்று. சுசன்னா கஹலன் அப்போது 24 வயது இதழாளர். முதலில் இடக்கையில் மரமரப்பு, பின்னர்க் காரணமற்ற ஐயங்கள், உறக்கமின்மை, அழுகையும் சிரிப்பும் மாறிமாறி வருதல், அதன்பின் வலிப்பு. சோதனைகள் எல்லாம் சரி என்றே வந்தன. மிகுதியாக மது அருந்துவதாலும் வேலைச் சுமையாலும் வந்தது என்று ஒரு நரம்பியல் மருத்துவர் முடிவு கட்டினார். மனநோய் என்ற கருத்தும் எழுந்தது. மகள் அவ்வளவு குடிப்பவள் அல்லள் என்று தாய் சொன்னார், அச்சொல் எடுபடவில்லை. பெற்றோர் மணவிலக்குப் பெற்றவர்கள். ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதும் அரிது. ஆயினும் இருவரும் மகளை மனநோய்ப் பிரிவுக்கு அனுப்ப இசையாமல், நரம்பியல் பிரிவிலேயே வைத்துப் பார்க்க வேண்டும் என்று உறுதியாக நின்றனர். இருவரும் முறைவைத்து உடனிருந்து, கண்டதையும் கேட்டதையும் ஒரே குறிப்பேட்டில் எழுதி வைத்தனர்.

அம்மகளிடம் நோய்நிலை உணர்த்தும் திறன் அற்றுப்போயிருந்தது. பேச்சு குழறியது, நினைவு நிலைக்கவில்லை. பரிமேலழகர் நோயாளிக்கு வேண்டும் என்ற அந்த இயல்பு நோயாலேயே பறிக்கப்பட்டபோது, அதை ஏற்றுச் சுமந்தது உழைச்செல்வாரின் குறிப்பேடு.

பின்னர் வந்த சூஹெல் நஜ்ஜார் என்னும் மருத்துவர் முதலில் செய்தது கதை கேட்டது. தொடக்கம் முதல் நடந்த யாவற்றையும் சொல்லச் சொல்லிக் கேட்டார். அடுத்து ஒரு தாளையும் எழுதுகோலையும் கொடுத்து, கடிகாரம் ஒன்று வரையச் செய்தார். அவள் வட்டம் வரைந்து, ஒன்று முதல் பன்னிரண்டு வரை எல்லா எண்களையும் வலப்பக்கத்திலேயே நெருக்கி எழுதினாள். இடப்பக்கம் வெறுமையாக இருந்தது. மூளையின் வலப்பாகம் அழற்சியுற்றிருப்பதை அத்தாள் காட்டியது. விலையுயர்ந்த கருவிகள் சொல்லாததை ஒரு தாள் சொல்லிற்று. உடலின் எதிர்ப்பொருள்கள் மூளையின் என்.எம்.டி.ஏ. ஏற்பிகளைத் தாக்குவதால் வரும் மூளையழற்சி அது என்பது பின்னர் உறுதியாயிற்று. ஜோசப் டால்மோ என்னும் அறிஞரும் அவர்தம் குழுவினரும் 2007இல்தான் அந்நோயை அடையாளம் கண்டிருந்தனர். மருத்துவ உலகுக்கு அந்நோய் அப்போது இரண்டு வயதுக் குழந்தை. முன்னைய மருத்துவர் அதனை அறியாதிருந்தது குற்றமாகாது. அறியாமையை 'ஒன்றுமில்லை' எனக் கொண்டதே குற்றம். கஹலன் நலம்பெற்றுத் தம் வரலாற்றை 2012இல் நூலாக எழுதினார். தம் நினைவில் இல்லாத நாள்களைத் தந்தையின் நாட்குறிப்பிலிருந்தும் மருத்துவப் பதிவுகளிலிருந்தும் தேடி எடுத்தே அவர் எழுத வேண்டியிருந்தது.

கவிஞர்கள் கூடிய இவ்வவையில் மொழியைப் பற்றிய ஒரு கருத்தும் சொல்லத்தக்கது. நோயையும் வலியையும் சொல்ல ஆங்கிலத்தில் சொல் போதவில்லை என்று வெர்ஜீனியா வுல்ஃப் 1926இல் ஒரு கட்டுரையில் வருந்தினார். ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து, 1975இல், ரொனால்ட் மெல்சாக் என்னும் கனடிய அறிஞர் நோயாளிகள் வலியைச் சொல்லும் சொற்களைத் திரட்டி, 78 சொற்களை 20 தொகுதிகளாக அமைத்து, ஒரு வினாநிரல் வெளியிட்டார். மக்கில் வலி வினாநிரல் எனப்படும் அது பல மொழிகளில் பெயர்க்கப்பட்டுப் பயன்படுகிறது. மக்கள் வாய்ச்சொல்லே அளவுகோலாயிற்று. தமிழில் இச்சொற்களுக்குப் பஞ்சம் இல்லை. குத்தலும் குடைச்சலும் ஒன்றல்ல. கடுப்பு வேறு, எரிச்சல் வேறு. இழுப்பு, பிசைவு, உளைவு, விண்விண்ணென்று தெறித்தல் என ஒவ்வொன்றும் உடலின் ஒவ்வொரு நிலையைக் குறிக்கும். வீட்டு மூதாட்டி இவற்றை மயங்காமல் வழங்குவாள். அதே மூதாட்டி மருத்துவர் முன் அமர்ந்தவுடன் எல்லாவற்றையும் 'வலி' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறாள். நேரமில்லை என்ற அச்சம் அவளுடைய சொல்வளத்தைப் பறித்துவிடுகிறது.

ஆயினும் உழைச்செல்வானின் சொல்லுக்குச் சட்டத்திலும் நடைமுறையிலும் இடம் தேடும் முயற்சி சில நாடுகளில் தொடங்கிவிட்டது. அதன் ஒவ்வொரு படியிலும் ஒரு குழந்தையின் பெயர் பொறிக்கப்பட்டிருப்பதுதான் துயரம். 2001இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகர மருத்துவமனை ஒன்றில் ஜோசி கிங் என்னும் 18 மாதக் குழந்தை, தாகத்தால் தவிக்கிறாள் எனத் தாய் கவலையுற்றுச் சொல்லியிருந்தும், உடல்நீர் வற்றியும் தவறாகக் கொடுக்கப்பட்ட மருந்தாலும் இறந்தாள். அதன் தாக்கத்தால் 2005இல் பிட்ஸ்பர்க் நகர மருத்துவமனை ஒன்று, குடும்பத்தாரே நேராகத் தொலைபேசியில் அவசரக் குழுவை அழைக்கும் முறையைக் கொணர்ந்தது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 2007இல் மூன்று வயதை எட்டுமுன் இறந்த ரயன் என்னும் சிறுவனின் பெயரால் 2013இல் ஒரு விதி வந்தது. மேற்கு ஆஸ்திரேலியாவில் அத்தகைய அழைப்பு இன்று ஐஸ்வர்யாவின் பெயரால் வழங்குகிறது.

இங்கிலாந்தில் அது மார்த்தா விதி. மார்த்தா மில்ஸ் 13 வயதுச் சிறுமி. 2021இல் மிதிவண்டியிலிருந்து விழுந்து கணையத்தில் காயமுற்று, லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டாள். தொற்று முற்றி வந்த நாள்களில் ஒரு நீண்ட வார விடுமுறை குறுக்கிட்டது. மகளுக்குச் செப்டிக் அதிர்ச்சி வந்துவிடுமோ என்ற அச்சத்தைத் தாய் மெரோப் மில்ஸ் நோயின் பெயரைச் சொல்லியே மருத்துவரிடம் வெளியிட்டார். உடலில் எழுந்த தடிப்பு மருந்தின் ஒவ்வாமை எனக் கொள்ளப்பட்டது. ஆகஸ்டு 31ஆம் நாள், பதினான்காம் பிறந்தநாளுக்குச் சில நாள்கள் முன்பு, மார்த்தா இறந்தாள். உரிய நேரத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றியிருந்தால் பெரும்பாலும் பிழைத்திருப்பாள் என்று 2022இல் மரண விசாரணை அதிகாரி கூறினார். அத்தாய் ஓர் இதழாசிரியர். துயரை எழுத்தாக்கினார், எழுத்து நாட்டை அசைத்தது. 2024இல் 143 மருத்துவமனைகளில் மார்த்தா விதி நடைமுறைக்கு வரத் தொடங்கியது. நோயாளியையும் குடும்பத்தாரையும் நாள்தோறும் 'நேற்றைக்கு இன்று எப்படி?' என்று கேட்டுப் பதிவு செய்வதும், கவலை தீராதாயின் வேறொரு குழுவை அழைத்து மறுபார்வை கேட்கும் உரிமையும் அதன் உயிர்நாடி.

இவ்வுரிமை வெறும் இரக்கத்தால் கொடுக்கப்பட்டதன்று. மெல்பர்ன் நகரின் ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் 70 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அவசரப் பிரிவு வருகைகளை ஆராய்ந்து 2025இல் வெளியிட்டனர். குழந்தையின் நிலை மோசமாகிறது எனப் பெற்றோர் கவலை தெரிவித்தவர்களுக்குத் தீவிர சிகிச்சை தேவைப்படும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு மிகுந்திருந்தது. நாடித்துடிப்பு, மூச்சு முதலிய அளவுகளின் பிறழ்ச்சியைவிடப் பெற்றோர் கவலை அதனோடு நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தது. உழைச்செல்வானுக்குப் பரிமேலழகர் கூறிய அறிவுடைமைக்கு இக்காலம் தந்த கணக்கு இது.

உழைச்செல்வானுக்கும் ஒரு கடமை உண்டு. அஞ்சுகிறேன் என்பதோடு நில்லாமல், கண்டதைக் கண்டவாறு சொல்லுதல் வேண்டும். "உடம்பு சரியில்லை" என்பதைவிட "காலையில் எழுந்து நடந்தாள், நண்பகலில் உட்கார்ந்தாள், இப்போது தலையைத் தூக்கவில்லை" என்பது வலிமையுடையது. "இவள் இப்படி இருப்பவள் அல்லள்" என்பது மருத்துவர் எந்தக் கருவியாலும் அறிய இயலாத செய்தி. நேரம் குறித்து எழுதிய நான்கு வரி, நாற்பது முறை எழுப்பும் குரலைவிட நெடுநேரம் நிற்கும். வேறொரு மருத்துவர் பார்க்க வேண்டும் என்று கேட்பது அவமதிப்பாகாது. மருத்துவர் பக்கத்திலும் ஒரு வினா வேண்டும்: "எதைக் கண்டு நீங்கள் மிகவும் அஞ்சுகிறீர்கள்?" இவ்வொரு வினாவைக் கேட்க 18 நொடி வேண்டாம்.

கவிஞர்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. பெயரில்லாத ஒன்றுக்கு முதற்சொல் தேடித் தருவது கவிஞர் தொழில். பெயரில்லாத நோயின் முதற்சொல்லைத் தேடி அவசரப் பிரிவின் வாயிலில் நிற்பவளும் அத்தொழிலையே செய்கிறாள். அவளுக்கு அவகாசம் மட்டும் இல்லை. குடைச்சலையும் கடுப்பையும் வேறுபடுத்திச் சொல்லும் பழந்தமிழ் வழக்கை எழுத்தில் வாழவைப்போர் அவளுக்குக் கைகொடுப்போர் ஆவர். பத்தாண்டுகளாகப் பிறர் சொல்லைப் பொறுமையோடு கேட்டு, அதன்பின் கருத்துரைக்கும் பண்பை வளர்த்த வட்டம் இது. அவ்வாறு கேட்கும் செவி பெர்த் நகரின் காத்திருப்புக் கூடத்தில் அன்று ஒருவருக்கு வாய்த்திருந்தால், சில்லிட்ட அந்தக் கையை இன்னொரு கை முன்னரே தொட்டுப் பார்த்திருக்கும்.

மருத்துவத்தின் நான்கு கூறுகளுள் ஒன்றை வெளியே நிறுத்தி வைத்தால் எஞ்சுவது முக்கால் மருத்துவமே. கதவைத் திறந்து நான்காமவனையும் உள்ளே அழைப்பது வள்ளுவர் காட்டிய வழி.